ஷிப்டுக்கு ஆறு டீ

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்ப்பீங்கம்மா?”

“ரெண்டு தடவைங்க.”

அம்மா சொன்னது பொய். எனக்குத் தெரியும். கேட்ட டாக்டருக்கும் தெரிந்திருக்கும். 2011-ல், பல்லடத்தில் ஒரு பல் கிளினிக். அம்மாவுக்கு அப்போது 52 வயது. கீழ்வரிசையில் நான்கு பற்கள் ஏற்கெனவே போயிருந்தன. மீதியில் பாதி சொத்தை, பாதி ஆட்டம். பதில் சொல்லும்போது புடவைத் தலைப்பை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடம் விசைத்தறி ஓட்டியவர். கூலி உயர்வு கேட்டு முதலாளியிடம் பேசும்போதுகூட அவர் அப்படி ஒடுங்கி நின்று நான் பார்த்ததில்லை.

பல் விஷயம் அப்படித்தான். சர்க்கரை நோய் வந்தால் பரம்பரை என்பார்கள். முதுகு வலித்தால் வேலை அப்படி என்பார்கள். பல் போனால் மட்டும் ஆளின் குணத்தில் கோளாறு. சுத்தமில்லாதவர், சோம்பேறி, ஒழுங்காகத் தேய்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? அம்மாவும் அதை நம்பினார். நானும் ரொம்ப நாள் நம்பினேன்.

போன வருடம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் செய்தார்கள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. மாதச் சம்பளம், ஏசி அறை, லீவு கேட்டால் கிடைக்கும். மூன்று தடவை போய் வந்து, கேப்பும் போட்டு, எட்டாயிரம் சொச்சம் ஆனது. அம்மாவுக்கு 2011-ல் ஒரு பல் பிடுங்க இருநூறு ரூபாய். அந்த டாக்டர் நல்ல மனிதர். “இந்த ரெண்டையும் காப்பாத்திப் பாக்கலாம்மா” என்றுதான் சொன்னார். ஆனால் அதற்கு மூன்று நாள் வர வேண்டும். மூன்று நாள் என்றால் மூன்று நாள் தறிக்கூலி. “புடுங்கியே உட்ருங்க சார், ரோதனை விட்டுது” என்றார் அம்மா. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு. கூலிக் கணக்கு அந்தப் பயத்தையும் ஜெயித்துவிட்டது. கிளீன் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்றும் எங்கள் தெருவில் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சிரிப்பேன், இப்போது சிரிப்பதில்லை. எலும்பு கரைந்துபோன வாயில் பல்லை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது சில சமயம் பல்லில் கெட்டியாகப் படிந்த அந்தக் காரை மட்டும்தான். அவ்வளவு தாமதமாகத்தான் எங்கள் ஆட்கள் கிளினிக் வாசலை மிதிக்கிறார்கள்.

அன்றைக்கு டாக்டர் இன்னொரு காரியமும் செய்தார். ஆடும் பற்களைப் பார்த்துவிட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவரச் சொன்னார். 280 இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது பல் டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

என் கேப் வருவதற்காகக் காத்திருந்த வாரங்களில், வாய்க்குள் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். எழுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் மனித வாய்களில் குடியிருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒருவர் வாயில் எல்லாமே இருக்காது. அதில் ஒரு பகுதி இருக்கும். அந்தப் பகுதி எது என்பதில்தான் விஷயம்.

நியூயார்க் நகரில் 2013-14-ல் ஒரு பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் 282 பேர் வாய் கொப்பளித்துத் துப்பிய திரவத்தை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களின் மரபணுத் துணுக்குகளைப் படித்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவுகள் வெளிவந்தன. மரபணு ஒற்றுமையை வைத்துப் பிரித்த 216 பாக்டீரியாக் குழுக்கள். எந்தெந்தக் குழு யார் வாயில் கூடுகிறது, யார் வாயில் குறைகிறது என்பதுதான் கேள்வி. புகைபிடிப்பவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் இடையே 49 குழுக்களில் வித்தியாசம். அது எதிர்பார்த்ததுதான். இனத்தை வைத்துப் பார்த்தால் 27. குடும்ப வருமானத்தை வைத்துப் பார்த்தால் 21. படிப்பு 19. பல் பராமரிப்புப் பழக்கங்களை வைத்துப் பார்த்தால் 12.

இந்தக் கடைசி எண்ணில் நின்றுவிட்டேன். அம்மாவிடம் டாக்டர் கேட்டதும் இந்தப் பன்னிரண்டைச் சேர்ந்த மாதிரிக் கேள்விதான். கேட்காத கேள்விகள், அதாவது மாதம் எவ்வளவு வருகிறது, எத்தனாவது வரை படித்தீர்கள் என்பவை, ஒவ்வொன்றும் தனியாகவே அதைவிட அதிகக் குழுக்களோடு சம்பந்தப்பட்டிருக்கின்றன. எது காரணம், எது விளைவு என்று இந்த மாதிரி ஆய்வு சொல்லாது. எத்தனை குழுக்கள் மாறின என்பதும் எவ்வளவு கெடுதல் நடந்தது என்பதும் ஒன்றல்ல. பல் தேய்ப்பது வீண் என்று யாரும் இதைப் படித்துவிட்டுப் பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு என் மனதை விட்டுப் போகவில்லை.

டென்மார்க்கிலும் இப்படி ஒன்று 2014-ல் வந்தது. 292 பேரின் எச்சிலைச் சோதித்தார்கள். சொத்தையும் ஈறு நோயும் அதிகம் இல்லாதவர்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். அவர்களிடத்திலும் எச்சிலின் பாக்டீரியாக் கலவை புகைப்பழக்கத்தோடும் சமூகப் பொருளாதார நிலையோடும் சேர்ந்து மாறியிருந்தது. நோய் பெரிதாகத் தலைகாட்டாத வாயிலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது. அதுவும் டென்மார்க்கில்! ஏழை பணக்காரர் இடைவெளி குறைவு என்று எல்லோரும் உதாரணம் காட்டும் நாடு.

சரி, பாக்டீரியாவுக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாது. பணம் எந்த வழியாக வாய்க்குள் நுழைகிறது?

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, டீ வழியாக.

பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காலை எட்டிலிருந்து இரவு எட்டு; அடுத்த வாரம் இரவு எட்டிலிருந்து காலை எட்டு. அம்மா ஓட்டியது நான்கு தறி, சில சமயம் ஆறு. நூல் அறுந்தால் உடனே முடிச்சுப் போட வேண்டும், நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். தறி நின்றால் கூலி நிற்கும். உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது, காற்றெல்லாம் பஞ்சு. அதனால் டீ. ஷிப்டுக்கு ஆறு. தொண்டையில் ஒட்டிய பஞ்சு இறங்கும், தூக்கம் போகும், பசி தாங்கும். கூட ஒரு வரிக்கியோ பன்னோ. ஆறு டீயும் தித்திப்பாக இருக்கும். அப்படி இருந்தால்தான் டீ.

சர்க்கரை வாயில் பட்டதும் பல்லின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலத்தைக் கக்கும். ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் 1940-களில் இதை அளந்து ஒரு வரைகோடு போட்டார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சில நிமிடங்களில் அமிலம் ஏறி, pH 5.5-க்குக் கீழே போய்விடும் (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்). அங்கே பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் மெதுவாக அமிலத்தை முறித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இதை அம்மாவின் ஷிப்டோடு வைத்துப் பார்த்தேன். அவர் டீயை ஒரே மூச்சில் குடித்ததே இல்லை. இரண்டு வாய் குடிப்பார், எங்கோ நூல் அறும், டம்ளரைத் தறிக்குப் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டு ஓடுவார். வந்து இன்னும் இரண்டு வாய். ஆறிப்போன கடைசி மடக்கு இறங்க இருபது நிமிடம் ஆகியிருக்கும். எச்சில் முறித்து முடிப்பதற்குள் அடுத்த மடக்கு. தகரக் கூரைக்குக் கீழே வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்கவும் நேரமில்லாத உடம்பில் எச்சிலும் குறைவு. இரவு ஷிப்ட் முடிந்து காலையில் கடைசி டீயோடு வந்து அப்படியே படுத்துவிடுவார். தூக்கத்தில் எச்சில் சுரப்பு கிட்டத்தட்ட நின்றேவிடும். மொத்தத்தில், அவர் வாய் அமிலத்தில் இல்லாத நேரம்தான் குறைவு.

அமிலத்தில் ஊறும் வாயில் எல்லாப் பாக்டீரியாவும் பிழைக்காது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் மாதிரி புளிப்பைத் தாங்குபவை பெருகும், தாங்காதவை ஒதுங்கும். பிலிப் மார்ஷ் என்ற பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் 1994-ல் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். எங்கிருந்தோ ஒரு கெட்ட கிருமி வந்து பல்லைத் தின்பதில்லை. வாயின் சூழல் மாறுகிறது. ஏற்கெனவே அங்கே ஓரமாகக் கிடந்தவை தலையெடுக்கின்றன. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை பொய்த்த காட்டில் பயிர் காய்ந்து வேலிக்காத்தான் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஸ்வீடனில் இதை மனிதர்களை வைத்தே சோதித்தார்கள். லுண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்ற மனநல விடுதி. 1940-களின் பிற்பகுதியில், அங்கே இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாயைச் சாப்பாட்டு நேரங்களுக்கு நடுவே கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், பல் சொத்தையாகிறதா என்று பார்ப்பதற்காக. ஆனது, மோசமாக. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் ஸ்வீடன் குழந்தைகளிடம் வேரூன்றியது இதற்குப் பிறகுதான். வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களின் வாயில் கண்டுபிடித்தது, வேண்டும் என்று அடம்பிடிக்க முடிந்த பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றியது. எனக்கு இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஏழை வாய் என்றால் சொத்தை வாய் என்பது இயற்கை விதி இல்லை. ஒரு காலத்தில் நேர்மாறாக இருந்தது. 1598-ல் இங்கிலாந்துக்குப் போன ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், முதலாம் எலிசபெத் ராணியை நேரில் பார்த்து, அவர் பற்கள் கறுத்திருந்ததாக எழுதிவைத்தார். ஆங்கிலேயர்கள் அளவுமீறிச் சர்க்கரை சாப்பிடுவதால் வரும் குறை போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றைக்குச் சர்க்கரை விலை அப்படி. ராணிக்குத்தான் கட்டுப்படியாகும் சொத்தை அது. பதினெட்டாம் நூற்றாண்டின் லண்டனில் பணக்காரர்கள் சொத்தைப் பல்லை எடுத்துவிட்டு, ஏழைப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து வாங்கிய நல்ல பல்லை அந்தக் குழியில் பதித்துக்கொண்டார்கள். ஜான் ஹன்டர் என்ற பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணரே அதை ஆதரித்தார். விற்கும் அளவுக்கு நல்ல பல் ஏழையிடம்தான் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கரீபியன் தீவுகளின் அடிமை உழைப்பில் சர்க்கரை மலிந்தது. 1800 வாக்கில் பிரிட்டனில் ஒருவர் வருடத்துக்குச் சுமார் 18 பவுண்டு சர்க்கரை சாப்பிட்டார். நூறு வருடத்தில் அது சுமார் 90 பவுண்டு. 1874-ல் சர்க்கரை மீதான இறக்குமதி வரியையும் எடுத்துவிட்டார்கள். நூல் ஆலைத் தொழிலாளிக்குச் சூடான சோற்றுக்குப் பதில் சர்க்கரை போட்ட டீ, ரொட்டி, ஜாம். மான்செஸ்டர் தறிக்கும் பல்லடம் தறிக்கும் நடுவே நூறு வருடம் இருக்கலாம். டம்ளரில் இருந்தது ஒன்றுதான்.

இந்த மாற்றம் எலும்புக்கூடுகளின் பல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. கிறிஸ்டினா ஆட்லரும் ஆலன் கூப்பரும் அவர்கள் குழுவினரும் பழைய ஐரோப்பியர்கள் 34 பேரின் பல்காரையைச் சுரண்டி, அதற்குள் கல்லாகிப்போன பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்தார்கள். வேட்டையாடித் திரிந்தவர்களின் வாயில் இருந்த வகைப்பெருக்கம் விவசாயம் வந்ததும் ஒரு தடவை மாறியிருக்கிறது. தொழிற்புரட்சிக் காலத்தில், வெள்ளைச் சர்க்கரையும் மாவும் வந்ததும், மறுபடி சரிந்து மியூட்டன்ஸ் போன்றவை மேலே வந்திருக்கின்றன. பழைய மரபணுவைப் படிக்கும் அந்த முறையைப் பற்றிப் பிறகு விவாதங்கள் எழுந்தன. அதனால் அதன் ஒவ்வொரு வரியையும் நான் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. ஆனால் சொத்தை மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு இறங்கியதற்கு மரபணுச் சாட்சியம்கூடத் தேவையில்லை. சர்க்கரையின் விலையைப் பார்த்தாலே போதும். எங்கள் வீட்டில் ரேஷன் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசு. 2017-ல் 25 ஆனது. அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் அம்மா அந்த ஷிப்டுகளை ஓட்டியிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ரேஷன் கடையைக் குறை சொல்லும் கட்சி இல்லை நான்.

சொத்தைக்கு டீ. ஆட்டத்துக்கு வேறு கணக்கு. ஈறு நோயில் பெருகுவது வேறு கூட்டம்: போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரி காற்று படாத இடுக்குகளில் வாழ்பவை. சர்க்கரை நோய் கட்டுக்கு வராவிட்டால் ஈறு சீக்கிரம் போகும். அம்மாவுக்கு அந்த நோய் எத்தனை வருடமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. போயிலையும் உண்டு. இரவு ஷிப்டில் விழித்திருக்கப் பழகியது. கன்னத்தில் அதை அடக்கும் பக்கத்தில் ஈறு நன்றாகவே இறங்கியிருந்தது. அப்பாவுக்குப் பீடி. அவர் விட்டுப் பல வருடம் ஆகிறது. அவர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி படித்தேன்: 2016-ல் அமெரிக்காவில் 1,204 பேரிடம் செய்த ஆய்வில், புகையை விட்டவர்களின் வாய்ப் பாக்டீரியாக்கள் புகைக்காதவர்களுடையதைப் போலவே இருந்தன. வாய் மன்னித்துவிடுகிறது போலிருக்கிறது.

கிருமி பார்த்த முதல் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்டன் வான் லீவன்ஹூக் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரி. துணியின் இழையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் தொழில். எங்கள் திருப்பூர் ஆபீஸிலும் அதற்கென்று ஒரு சின்னப் பூதக்கண்ணாடி மேசையில் கிடக்கிறது. 1683-ல் அவர் தன் பல்லிடுக்கு அழுக்கைத் தன் லென்ஸில் வைத்துப் பார்த்தார். தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர் அவர். இருந்தும், நெதர்லாந்தில் வாழும் மனிதர்களைவிட அதிக உயிர்கள் தன் வாயில் இருப்பதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. இரண்டு பெண்கள், ஒரு குழந்தை, வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு கிழவர், பிராந்தியும் புகையிலையுமாக வாழ்ந்த இன்னொருவர் என்று தேடிப் பிடித்து ஒப்பிட்டார். யாருடைய வாய், என்ன வாழ்க்கை என்ற கேள்வி அந்த முதல் கடிதத்திலேயே இருக்கிறது. நடுவில் நாம்தான் மறந்துவிட்டு, எத்தனை தடவை தேய்த்தாய் என்பதோடு நின்றுவிட்டோம்.

வீடும் ஒரு வழி. 2023-ல் இத்தாலியின் டிரென்டோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலா செகாட்டா குழுவினர் உலகெங்கும் இருந்து 9,700-க்கு மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஒரே வீட்டில் வாழ்பவர்கள் வாய்ப் பாக்டீரியாத் திரிபுகளில், அதாவது ஒரே வகைக்குள் இருக்கும் உட்பிரிவுகளில், ஏறக்குறைய 32 சதவீதத்தைப் பகிர்ந்துகொள்கிறார்களாம். குடல் பாக்டீரியாவில் அது 12-தான். லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், ஒரே சொம்பு, ஒரே தட்டில் உருட்டி ஊட்டிய சோறு. என் கடைவாயில் சொத்தை போட்டவை யாருடைய ஷிப்டில் வளர்ந்தவை என்று இப்போது யோசிக்கிறேன். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அம்மாவுக்கு இப்போது பல் செட்டு. இருப்பதைக் கழற்றினால்தான் பொருந்தும் என்று மொத்தப் பல்லையும் எடுத்த பிறகு போட்டது. மியூட்டன்ஸுக்குக் கெட்டியான பரப்பு வேண்டும். பல்லில்லாத வாயில் அது பெரும்பாலும் தங்காது. செட்டுப் போட்டதும் திரும்ப வந்துவிடும். அம்மாவோ கடித்தால் வலிக்கிறது என்று பாதி நாள் செட்டைக் கிண்ணத்துத் தண்ணீரிலேயே போட்டு வைத்துவிட்டு, பேத்திக்கு ராகிக் கூழை வாயில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டுகிறார். என் பல் டாக்டர் ஒரே ஸ்பூனைப் பயன்படுத்தாதீர்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் போய் அந்த ஸ்பூனை யார் பிடுங்குவது?

போன வாரம் ஆபீஸில் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் மாடிக்கு டீ வரும்போது பையன் ஒவ்வொருவரிடமும் கேட்கிறான்: சக்கரை கம்மியா, சக்கரை இல்லாமலா, லெமன் டீயா? கீழே தையல் பிரிவுக்குக் கேனில் போகிறது. ஒரே குழாய், ஒரே டீ, சர்க்கரை ஏற்கெனவே உள்ளே. காலை பதினொன்றுக்கு ஒரு தடவை, மாலை நான்குக்கு ஒரு தடவை, ஓவர்டைம் என்றால் இரவு எட்டுக்கு இன்னொரு தடவை. இறங்கிப் போய் டீ போடும் அண்ணனிடம் கேட்டேன், சர்க்கரை போடாத கேன் ஒன்று தனியாகக் கொண்டுவர முடியுமா என்று.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கொண்டு வரலாங்க தம்பி. குடிக்க ஆள் வேணுமல்லோ? பாதிப் பேரு காலைல சாப்பிடாம பஸ் ஏறி வர்றவங்க. சக்கரை இல்லாட்டி மத்தியானம் வரைக்கும் பசி தாங்காதுங்க.”

கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போனார். மெஷினை நிறுத்தாமல் ஒரு கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள் ஒரு பெண். இரண்டு வாய் குடித்தாள். டம்ளரை மெஷின் ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி துணியைப் பிடித்தாள்.